தானாக இறங்கிய கைப்பிடி

மூன்று வருடம் ஆகிறது. ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். விழுப்புரத்தில் ரயில் பாதையை ஒட்டினாற்போல் இருக்கும் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

பொம்பளைக்கு லேத் பட்டறையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். டர்னர் வேலைதான், அதாவது லேத்தில் இரும்பைக் கடைகிற வேலை. எனக்குப் பிறந்த ஊர் அனந்தபுரம் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் கூலி வேலை. ஐ.டி.ஐ.யில் சேரப் போனபோது தையல் பிரிவு நிரம்பிவிட்டது, டர்னரில்தான் இடம் இருக்கிறது என்றார்கள். அரைமனதோடு சேர்ந்தேன். இரும்பு சுருள் சுருளாகச் சீவி விழுவதைப் பார்த்த முதல் நாளே அந்த வேலை பிடித்துப்போனது. கல்யாணமாகி விழுப்புரம் வந்து, மகள் பால்வாடிக்குப் போக ஆரம்பித்த பிறகு மறுபடி வேலை தேடினேன். போன இடத்தில் எல்லாம் "பொண்ணுங்களுக்கு இது சரிப்படாதும்மா" என்றார்கள். இந்தப் பட்டறை முதலாளி மட்டும் என் சான்றிதழைக்கூடச் சரியாகப் பார்க்காமல், "நாளைக்கே வந்துடு" என்று சொல்லிவிட்டார்.

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தகரக் கூரை போட்ட நீளமான பட்டறை. ஆறு மிஷின், ஐந்து ஆண்கள். கடைசி மூலையில் நீலத் தார்ப்பாய் போட்டு மூடிய ஒன்று கிடந்தது. முதலாளி தார்ப்பாயை இழுத்துப் போட்டு, "இதுதாம்மா உன் லேத்து" என்றார். அவர் அதை இழுத்த நொடியில் பட்டறைக்குள் ஓடிக்கொண்டிருந்த மிஷின்களின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஐந்து பேரும் கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

லேத்தின் தலைப்பக்கம் குங்குமப் பொட்டு. கம்பியில் கோத்துக் கட்டிய எலுமிச்சம்பழம் ஒன்று காய்ந்து கறுத்துத் தொங்கியது. ஆயுதபூஜைக்குக் கட்டியதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மிஷினைத் துடைக்க ஆரம்பித்தேன்.

லேத் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாம் கடைய வேண்டிய இரும்பை ஒரு பெரிய இரும்பு வாய் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதற்குச் சக் என்று பெயர். சக் சுற்றும்போது எதிரே இருக்கும் உளி இரும்பைச் சீவும். எனக்குக் கொடுத்தது பழைய காலத்து லேத். சுவிட்சைப் போட்டால் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கவாட்டில் ஒரு நீளக் கைப்பிடி உண்டு. அதை நடுவில் வைத்தால் சக் நிற்கும். கீழே இறக்கினால் சுற்றும். அளவு பார்க்கவோ தூள் துடைக்கவோ கையை உள்ளே விடுவதென்றால் மோட்டாரையே அணைத்துவிட வேண்டும் என்றுதான் ஐ.டி.ஐ.யில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது தடவை கையை விட வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. அதனால் எல்லாப் பட்டறையிலும் கைப்பிடியை நடுவில் தூக்கி வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இரண்டே நாளில் நானும் அப்படியே பழகிவிட்டேன். இதை இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பட்டறையில் பழைய ஆள் என்றால் மில்லிங் மிஷினில் நிற்கும் அண்ணன்தான். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது மெதுவாக என் பக்கம் வந்தார்.

"தங்கச்சி, வேலைய முடிச்சிக்கினு ஜல்தியா இந்தப் பக்கம் வந்துடு. அதுகிட்ட சும்மா நிக்காத."

"ஏண்ணா?"

"திண்டிவனம் பக்கத்து ஆளு ஒருத்தன் அதுல வேலை செஞ்சிக்கினு இருந்தான். நல்ல வேலைக்காரன். அதுல கை மாட்டிக்கிச்சு. ரத்தத்தோட புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனோம். அதோட போயிட்டான்." கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தார். "அதுக்கப்புறம் அது தானா சுத்துது."

அந்தத் திண்டிவனத்துக்காரருக்குப் பிறகு வந்த ஆள் மூன்றே நாளில் சாப்பாட்டுக் கூடையைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டாராம். அன்றைக்கு மூடிய தார்ப்பாயைத்தான் எனக்காகத் திறந்திருக்கிறார்கள்.

எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை கிடையாது. சின்ன வயதில் சுடுகாட்டை ஒட்டிய கொல்லையில் அம்மாவோடு மல்லாட்டை, அதான் நிலக்கடலை, பிடுங்கப் போனவள். சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அந்த வாரக் கடைசியில் லேத்தின் கீழ் அறையைச் சுத்தம் செய்தபோது ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே துணியில் சுற்றிய வெர்னியர் அளவுகோல், ஒரு சீப்பு, ரயில் சீசன் டிக்கெட்டின் அடையாள அட்டை. அட்டையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பெயரும் ஊரும் எழுதியிருந்தது. ஓமந்தூர் பக்கம் ஒரு கிராமம். இத்தனை நாளும் இந்த முகத்துக்கு மேலேதான் நின்று வேலை செய்திருக்கிறோம் என்று நினைத்தபோது முதுகில் என்னவோ ஊர்ந்தது. அட்டையைக் கவிழ்த்து வைத்து டப்பாவை மூடினேன்.

முதல் தடவை நடந்தது அடுத்த வாரம். கரும்பு ஆலைக்கு அனுப்ப வேண்டிய புஷ், அதாவது குட்டையான இரும்புக் குழாய், கடைந்துகொண்டிருந்தேன். கைப்பிடியை நடுவில் வைத்து, சக் நின்றதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். பானைக்கும் லேத்துக்கும் பத்து அடிதான். டம்ளரை வாயில் வைத்தபோது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் ஒரு முனகல். பிறகு விர்ரென்று. திரும்பினேன். சக் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "என்னம்மா இப்படி விட்டுட்டுப் போயிட்ட" என்று யாராவது திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நான்தான் சரியாகத் தூக்கி வைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் தடவை அந்தச் சமாதானம் சொல்ல முடியவில்லை. நாலு நாள் கழித்து, பகல் பதினோரு மணி வாக்கில், டீ டம்ளரோடு வாசலில் நின்றுகொண்டு லேத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஆடிக் காற்று. கூரைத் தகரம் எங்கேயோ தடதடத்துக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடுகிறது, சக் நிற்கிறது, கைப்பிடி நடுவில். என் கண் முன்னாலேயே அந்தக் கைப்பிடி இறங்க ஆரம்பித்தது. டக்கென்று விழவில்லை. மெள்ள மெள்ள, யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவது போல, கொஞ்சம் தயங்கி, மறுபடி கொஞ்சம் இறங்கி, கடைசியில் அடியில் போய் உட்கார்ந்தது. சக் சுற்ற ஆரம்பித்தது.

மில்லிங் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தார். நான் போய் மோட்டாரை அணைத்தேன். கைப்பிடியைத் தொட்டபோது அது சூடாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன். வெறும் இரும்பு. குளிர்ந்துதான் இருந்தது.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் மினி வேன் ஓட்டுகிறார். வண்டி ரிப்பேர் என்றாலே நட்டு நட்டாகக் கழற்றிப் பார்க்கிற ஆள். அவரே, "பேஜாரு புடிச்ச மிஷினா இருக்குது, வேற இடம் பார்த்துக்கலாம்" என்றார். ஒரு பொம்பளையை எடுத்தோம், பயந்து ஓடிவிட்டாள் என்று பேசுவார்களே என்று எனக்கு ரோஷம். போக மாட்டேன் என்றேன்.

மூன்றாம் தடவை அதற்கடுத்த வாரம். அன்று காலை தோசைக்கல்லில் பட்டு வலது ஆள்காட்டி விரலில் பெரிய கொப்புளம். அந்த விரலை மடக்க முடியாமல் வேலைக்குப் போயிருந்தேன். ஒரு புஷ்ஷின் உள் துளையைக் கடைந்து முடித்து, கைப்பிடியை நடுவில் வைத்தேன். உள்ளே ஒட்டிய தூளைத் துடைக்க, பழந்துணியை எடுத்துத் துளைக்குள் விட்டேன். கொப்புளம் உரசும் என்று துணியை நடுவிரலாலும் கட்டைவிரலாலும் நுனியாக, ஒப்புக்குப் பிடித்திருந்தேன்.

துணியை யாரோ வெடுக்கென்று பிடுங்கினார்கள்.

எனக்கு அப்படித்தான் தோன்றியது. உள்ளே இருந்து ஒரு கை வந்து பிடுங்கியது போல. கையை இழுத்துக்கொண்டு பின்னால் போய் விழுந்தேன். எழுந்து பார்த்தால் சக் அசுர வேகத்தில் சுற்றுகிறது. துணியின் வால் பட்பட்டென்று காற்றில் அடிக்கிறது. யாரோ ஓடி வந்து மோட்டாரை அணைத்தார்கள். அந்தத் துணியைக் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கயிறு மாதிரி முறுக்கேறி இரும்போடு இறுகிப்போயிருந்தது. வழக்கம்போல விரலில் சுற்றிப் பிடித்திருந்தால் அந்த முறுக்குக்குள் என் கை இருந்திருக்கும். கொப்புளத்தைப் பார்த்தேன். உடைந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. விரல் இருந்தது. ஐந்தும் இருந்தன.

அன்று இரவு சோறு இறங்கவில்லை. வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் அந்தப் பிஸ்கட் டப்பா மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. செத்துப்போன மனுஷனின் பொருள். அவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் அவர் ஆத்மா அடங்கும், என்னையும் விட்டுவிடும் என்று தோன்றியது. பேய் நம்பிக்கை கிடையாது என்று சொன்னவள்தான் இப்படி நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, திண்டிவனம் போய் அங்கிருந்து டவுன் பஸ் பிடித்தேன். ஓமந்தூர் தாண்டி இறங்கியபோது உச்சி வெயில். தெருவில் ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். ஒரு நாய் மட்டும் குரைக்காமல் என் பின்னாலேயே வந்தது. பெட்டிக்கடையில் அட்டையைக் காட்டி வீட்டைக் கேட்டேன். கடைக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கடைசி வீட்டைக் கைகாட்டினார்.

பெண்டாட்டி வருவாள், என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தது அட்டையில் இருந்த முகம்.

அதே நெற்றி, அதே பல்வரிசை. கொஞ்சம் இளைத்திருந்தது. அவ்வளவுதான். டப்பாவை நீட்டினேன். அதை வாங்க அவர் இடது கையை நீட்டினார். வலது கையைத் துண்டால் மூடியிருந்தார்.

"இது எங்கேர்ந்தும்மா கிடைச்சுது? யாரு நீங்க?"

அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மனைவி ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார். பாதியைக் குடித்து, பாதியை மேலே கொட்டிக்கொண்டு, "நீங்க... செத்துட்டதா..." என்றேன்.

அவர் ஒரு நொடி விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "போயிட்டான்னு சொல்லியிருப்பாங்க. வேலைய விட்டுத்தானேம்மா போனேன்!"

அவர் மனைவி சிரிக்கவில்லை. இரண்டு வருடமாகிறது, அங்கிருந்து ஒருத்தர்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை என்றார். ஆஸ்பத்திரியில் ஒரு தடவை முதலாளி வந்து பார்த்ததோடு சரி. மூன்று விரலும் உள்ளங்கையில் பாதியும் போய்விட்டது. இப்போது மல்லாட்டை உடைக்கிற மில்லில் காவலுக்குப் போகிறாராம்.

நான் எப்படி நடந்தது என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். இதுவரை யாரும் கேட்காததைக் கேட்டுவிட்டது போல அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"என் தப்புதாம்மா. துணியால துடைச்சிக்கினு இருந்தேன். முழங்கை பட்டுக் கைப்பிடி இறங்கியிருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. கவனமில்லாம வேலை செஞ்சிருக்க, போன்ல பேசிக்கினு இருந்திருப்பன்னாங்க. எங்கப்பாவே இன்னிக்கு வரைக்கும் அதைத்தான் சொல்றாரு. இருக்கும். எனக்கு நினைவில்ல. முழங்கை பட்ட மாதிரியும் இல்ல, படாத மாதிரியும் இல்ல."

"அண்ணா, முழங்கை படல. அது தானா இறங்குது."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூணு வாட்டி இறங்கிச்சுண்ணா. ஒரு வாட்டி என் கண்ணால பார்த்தேன். நான் தள்ளி வாசல்ல நின்னுக்கினு இருந்தேன்."

"நீ தொடவே இல்லியா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எம் பொண்ணு மேல சத்தியமா தொடலண்ணா."

அவர் துண்டை விலக்கி அந்தக் கையைப் பார்த்தார். புதிதாக எதையோ பார்ப்பது போல ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டார். தோட்டத்துக் கதவு வழியாக அவர் முதுகு தெரிந்தது. குலுங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி போகலாமா வேண்டாமா என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் போகாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது அவர் வேறு ஆளாக இருந்தார். டர்னராக இருந்தார். எத்தனை மணிக்கு நடந்தது, எந்தக் கிழமை, பக்கத்து மிஷின் ஓடியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு சட்டென்று, "உனக்கு உள்ளங்கால் கூசிச்சா?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். துணியைப் பிடுங்கிய அன்று தரையில் ஒரு அதிர்வு இருந்தது. காற்றில் தகரம் ஆடுகிறது என்று நினைத்திருந்தேன்.

"எனக்கும் கூசிச்சு. அதுதான் எனக்கு நல்லா நினைவிருக்கு. கை போன வலியவிட அந்தக் கூச்சம்தான் ராத்திரியில நினைவுக்கு வரும்." தரையைக் காலால் தட்டினார். "கூட்ஸ் வண்டிம்மா. நம்ம பட்டறைச் செவுத்த ஒட்டின தண்டவாளத்துல லோடோட போகும்போது தரையே உதறும். நாங்க பழகிப்போயி கவனிக்கிறதே இல்ல."

திங்கட்கிழமை காலை அவரையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். வாசலில் அவரைப் பார்த்ததும் மில்லிங் அண்ணன் கையிலிருந்த ஸ்பானர் விழுந்தது. மற்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். "நீ செத்துட்டன்னு இவருதான் சொன்னாரு" என்று ஒருவர் அண்ணனைக் காட்ட, "நான் எப்படா செத்தான்னு சொன்னேன்? முதலாளி 'போயிட்டான்'னாரு, நானும் அதைத்தானே சொன்னேன்!" என்று அவர் கத்த, அந்த நேரத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் கேட்டு முதலாளி அறையிலிருந்து வந்தார். அவர் மட்டும் திடுக்கிடவில்லை. ஆள் உயிரோடு இருப்பது அவருக்குத் தெரியும். நாங்கள் ஆவி, பேய் என்று பேசும்போதெல்லாம் அவர் காதில் விழாதது போல இருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

லேத்தில் மோட்டாரைப் போட்டோம். கைப்பிடியை நடுவில் வைத்தோம். எல்லோரும் பத்தடி தள்ளிப் போய் நின்றோம். மற்ற மிஷின்களை அணைக்கச் சொல்லிவிட்டார் டர்னர் அண்ணன். பட்டறை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததே இல்லை. முதலில் ஒரு பாசஞ்சர் ரயில் தள்ளியிருந்த தண்டவாளத்தில் போனது. ஒன்றும் ஆகவில்லை. முதலாளி, "சரி, வேலையப் பாருங்க" என்றார். யாரும் நகரவில்லை. அரை மணி நேரம் அப்படியே நின்றோம். பிறகு தூரத்தில் ஹாரன் கேட்டது. மெள்ள என் காலடியில் அந்தக் கூச்சம் ஏற ஆரம்பித்தது. ஜன்னல் கம்பி நடுங்கியது. சுவருக்கு வெளியே வண்டி வண்டியாக, முடிவே இல்லாமல், கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது.

கைப்பிடி இறங்கியது. அன்று பார்த்த அதே மாதிரி, தயங்கித் தயங்கி.

காரணம் தெரிந்த பிறகும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சக் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தபோது அவர் தன் வலது கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை. ரயில் சத்தம் முழுவதும் அடங்கிய பிறகு, அவரே போய் இடது கையால் மோட்டாரை அணைத்தார்.

ஃபிட்டரை வரவழைத்துக் கைப்பிடியின் அடிப்பெட்டியைக் கழற்றினோம். கைப்பிடியை நடுவில் பிடித்து நிறுத்த உள்ளே ஒரு சின்னக் குண்டும், அதை அழுத்த ஒரு ஸ்பிரிங்கும் இருக்க வேண்டும். ஸ்பிரிங் இரண்டாக உடைந்து துருப்பிடித்துக் கிடந்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தது. ஒவ்வொருவராக அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள்.

முதலாளி கடைசியாக வாங்கிப் பார்த்தார். "ஆனது ஆகிப்போச்சு. இனிமே பார்த்துக்கலாம். உனக்கு என்ன வேணும் சொல்லு" என்றார்.

"அந்த நோட்டு வேணும்ங்க" என்றார் அவர்.

எந்த நோட்டு என்று எங்களுக்குப் புரியவில்லை. முதலாளிக்குப் புரிந்தது. உள்ளே போய் விபத்துப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். இரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் அவர் பெயருக்கு எதிரே, காரணம் என்ற இடத்தில், 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது. அவர் அந்த வரிமேல் இடது கை விரலை வைத்துக்கொண்டு நின்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. முதலாளி பேனாவை எடுத்தார், மூடி வைத்தார், மறுபடி எடுத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசியில் அந்த வரியை அடித்துவிட்டு, கீழே 'கைப்பிடி ஸ்பிரிங் உடைந்து இயந்திரம் தானாக இயங்கியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எழுதினார், அவ்வளவுதான். டர்னர் அண்ணன் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். "எங்கப்பாவுக்குக் காட்டணும்" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

நான் வேலையை விடவில்லை. அந்த லேத்தில்தான் இன்றைக்கும் நிற்கிறேன். கையை உள்ளே விடும் முன் மோட்டாரை அணைத்தே ஆக வேண்டும் என்று இப்போது பட்டறையில் கட்டாயம். வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடுகிறது. முதலாளி முணுமுணுப்பார், ஆனால் மாற்றச் சொன்னதில்லை. மாதத்துக்கு ஒரு நாள் எல்லா மிஷினிலும் கைப்பிடி, மூடி, சுவிட்ச் என்று ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்கிறோம். மில்லிங் அண்ணன் இன்னும் வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சம்பழம் கட்டுகிறார். ஸ்பிரிங்கையும் பார்த்துவிட்டுக் கட்டுங்கண்ணா என்பேன், பார்த்துவிட்டுத்தான் கட்டுவார்.

கூட்ஸ் போகும் நேரத்தில் காலடியில் அந்தக் கூச்சம் ஏறினால் இன்றும் என் கை தானாகப் பின்னால் போய்விடும். ஆனால் அந்தக் கைப்பிடி இறங்கியதைவிட எனக்கு அதிகப் பயம் தருவது வேறொன்று. இரண்டு வருடமாக டர்னர் அண்ணனின் ஆவிக்குப் பயந்துகொண்டிருந்த எங்களில் ஒருவருக்குக்கூட, ஒரு பஸ் தூரத்தில் உயிரோடு உட்கார்ந்திருந்த மனுஷனிடம் போய், அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்க வேண்டும் எனத் தோன்றவே இல்லையே, அதுதான்.